இருமலில் விழுங்கிய வரி

கைக்குட்டை எடுக்கலாம் என்று கைப்பையைத் திறந்தால் இருமல் மிட்டாய்களாகக் கொட்டுகின்றன. இஞ்சி மிட்டாய், தேன் மிட்டாய், ஒரு பொட்டலம் பனங்கற்கண்டு, மடித்த தாளில் சுக்குத்தூள். இந்த ஆஸ்பத்திரி வராந்தாவின் பினாயில் நாற்றத்தையும் மீறிக்கொண்டு இஞ்சி வாசனை எழும்பிவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருக்கிற தெலுங்கு அம்மா திரும்பிப் பார்த்து, "தக்கு உந்தா அம்மா?" என்று இரக்கமாகக் கேட்டாள். இருமலா என்று கேட்கிறாள். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டி, அவளுக்காக ஒருதரம் இருமியும் காட்டிவிட்டேன்.

எனக்கு இருமலே கிடையாது. உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்? நீ போனதிலிருந்து நான் கோயிலில் பொய்யாக இருமிக்கொண்டிருக்கிறேன்.

நம் தமிழ்க் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை சபையார் எல்லாரும் எழுந்து நின்று பரமண்டல ஜெபம் சொல்லுவோம் அல்லவா? என் குரல் உனக்குத் தெரியும். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் பால்காரனைக் கூப்பிட்டால் சிக்னலில் நிற்கிற ரயில் கிளம்பிவிடும் என்பாய். அந்தக் குரலோடுதான் ஆரம்பிப்பேன். கர்த்தருடைய சித்தம் நடக்கட்டும் என்று ஒரு வரி வருமே, அது நெருங்கியதும் லொக்கு லொக்கு என்று இருமல் வந்துவிடும். வரவழைத்துக்கொள்வேன். அந்த வரியைத் தாண்டி, அன்றாட ஆகாரம் கேட்கிற இடம் வந்ததும் தொண்டை பழையபடி கணீரென்று திறந்துகொள்ளும். முன் பெஞ்சு அக்கா ஒருத்தி கேட்டேவிட்டாள்: "சாப்பாடு கேக்கும்போது மட்டும் உன் இருமல் எங்கட்டி போவுது?" போதகரின் மனைவி, நம் ஐயரம்மா, ரொம்ப நல்ல மனுஷி. நெஞ்சுச்சளியாக இருக்கும் என்று சுக்குத்தூள் இடித்துத் தந்தாள். சபையாரின் கருணையை எல்லாம் பையில் சுமந்துகொண்டு திரிகிறேன்.

இப்போது நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்க மாட்டாயா? ஆப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே. என் வீட்டுக்காரரை உள்ளே கொண்டு போய்விட்டார்கள். நெஞ்சைத் திறந்து செய்கிற ஆப்பரேஷன். இதயத்துக்குப் போகிற குழாய்கள் அடைத்திருக்கிறதாம், காலிலிருந்து நரம்பை எடுத்து அங்கே வைத்துத் தைப்பார்களாம். டாக்டர் படம் வரைந்து காட்டினார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் காலமெல்லாம் ஃபிட்டர் வேலை பார்த்தவர் அல்லவா, என் வீட்டுக்காரர் அந்தப் படத்தைப் பார்த்து, "லூப் லைன் போடுதாங்க" என்றார். மெயின் லைன் அடைத்தால் ரயிலைச் சுற்றி விடுவார்களே, அது. நான் சிரித்தேன். பிறகு பாத்ரூமில் போய் வாந்தி எடுத்தேன்.

மகள் இந்தப் பக்கம் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருக்கிறாள். குகட்பள்ளியில் இருந்து லீவு போட்டு வந்திருக்கிறாள். நான் தமிழில் பயப்படுகிறேன், அவள் தெலுங்கில் தைரியம் சொல்லுகிறாள். "ஏம் காது, மம்மீ." ஒன்றும் ஆகாதாம். சொல்லும்போது அவள் முழங்கால் ஆடிக்கொண்டிருக்கிறது. என் கைக்கு ஏதாவது வேலை வேண்டும், அதனால்தான் அவளிடம் தாளும் பேனாவும் வாங்கி உனக்கு எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, பொறுத்துக்கொள்.

மைக்கில் பெயர் கூப்பிட்டார்கள். எழுதுவதை நிறுத்திக் கேட்டேன். வேறு யாரோ.

உனக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 'சித்தமானால்' உண்டு. கர்த்தருக்குச் சித்தமானால் நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போவோம். சித்தமானால் சாயங்காலம் துணி துவைப்பேன். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் வந்து இறங்கி, நீ எனக்குத் தெலுங்கு சொல்லிக்கொடுத்து, நான் உனக்கு வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்று இந்த ஊர் உருது சொல்லிக்கொடுத்து, இரண்டு பேருமே இரண்டையும் தப்பாகப் பேசிக்கொண்டு திரிந்த காலம். ஒரு நாள் நீ மதில் வழியாக எட்டிப் பார்த்து, "சித்தமானால் நாளைக்குக் காலையில தோசை சுட்டுத் தாரேன்" என்றாய்.

"ஏட்டி, மாவு அரைச்சாச்சு, உப்பும் போட்டாச்சு, இப்பவே பொங்கி வழியுது. இதுக்கு மேல கர்த்தருக்கு என்ன சித்தம் வேணும்?" என்றேன்.

நீ கோபப்படவில்லை. "நீ சிரிட்டி. நான் ஒண்ணும் பெர்மிஷன் கேக்கல. அவர் வீட்டுக்குள்ளதான் இருக்காருன்னு எனக்கு நானே சொல்லிக்கிடுதேன்" என்றாய். மறுநாள் தோசை வந்தது. கல்லில் ஒட்டிப் பிய்ந்துபோன தோசை. "சித்தம் பாதியிலே மாறிட்டோ?" என்று கேட்டுக்கொண்டே எல்லாவற்றையும் தின்றேன்.

என் ஜெபம் வேறு மாதிரி. காய்கறி வண்டிக்காரனிடம் பேசுவது போலக் கர்த்தரிடம் பேரம் பேசுவேன். மகளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று நான் பொருத்தனை பண்ணியது ஞாபகம் இருக்கிறதா? அவளுக்கு வேலை கிடைத்தால், சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசன விருந்துக்கு மொத்த வெங்காயத்தையும் நான் ஒருத்தியே உரிக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். வேலை கிடைத்தது. வெங்காய மூட்டைக்கு நடுவில் நான் கண்ணும் மூக்கும் வழிய உட்கார்ந்திருந்தபோது நீ ஒரு கத்தியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். "தள்ளிக்கோ. கர்த்தர் உன் வெங்காயத்த நம்பியா இருக்காரு?" என்றாய். ஒருத்தியே உரிப்பதாகச் சொல்லிவிட்டேன், நீ உரித்தால் பொருத்தனை செல்லாது என்று நான் பதற, நீ சிரித்த சிரிப்பில் உன் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயமா சிரிப்பா, தெரியவில்லை.

இதை எழுதும்போது எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. ஆனால் உன்னைப் பார்த்து நான் பயப்படவும் செய்தேன். அதை உன்னிடம் சொன்னதில்லை.

முதலில் பயந்தது அந்த ஸ்வெட்டர் நாளில். உனக்குக் குழந்தை வேண்டும் என்று எத்தனை வருஷம் கேட்டாய். உபவாசம் இருந்தாய், டாக்டரிடம் போனாய், ஊருக்குப் போய் வந்தாய். பிறக்காத பிள்ளைக்கு மஞ்சள் நூலில் ஒரு ஸ்வெட்டர் பின்னி வைத்திருந்தாய். ஒரு நாள் மத்தியானம் அதை மடித்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, தொட்டிலில் கிடந்த என் மகள் மேல் வைத்து அளவு பார்த்தாய். "இவளுக்குச் சரியா இருக்கும், போடு" என்றாய். பிறகு சொன்னாய்: "இனிமே நான் கேக்க மாட்டேன்ட்டி. இன்னைக்கு மனசார அந்த வரியச் சொல்லிட்டேன். உம்ம சித்தம்னு."

நான் உன்னைக் கண்டபடி திட்டினேன். "பைத்தியமா உனக்கு? கேட்டுக்கிட்டே இரு. விட்டுக் குடுத்தா அவர் சரின்னு எடுத்துக்கிடுவாரு" என்றேன். கர்த்தரைப் பற்றிப் பேசுகிற பேச்சா அது? பக்கத்து வீட்டுக்காரன் மதிலைத் தள்ளிக் கட்டுவதைப் பற்றிப் பேசுவது போலப் பேசினேன். நீ என் மகளுக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாய். உனக்குக் குழந்தை பிறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் நீ சேர்த்து வைத்த பிள்ளைகள் உன் சேலையைப் பிடித்துக்கொண்டு திரிந்ததைப் பார்த்து எல்லாரும் கர்த்தர் உனக்கு நிறையப் பிள்ளைகளைக் கொடுத்தார் என்றார்கள். நீயும் ஆமாம் என்றாய். நான் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அந்த மஞ்சள் ஸ்வெட்டர்தான் கண்ணில் நின்றது.

இரண்டாவது தடவை பயந்தது உன் வயிற்றில் கட்டி வந்தபோது. நீ ஒரு வைத்தியத்தையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, மருந்து ஏற்றினார்கள், முடி போனது, எல்லாவற்றுக்கும் போய் உட்கார்ந்தாய். கடைசியில் டாக்டர் இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். நான் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தேன். நல்ல வெயில் நேரம். ஃபேன் சத்தம். வழக்கம் போல வேடிக்கையாக ஏதோ சொல்லிக்கொண்டே கரண்டியை எடுத்தேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"ஏட்டி, எனக்குப் பயமா இருக்கு."

உனக்குப் பயம் வரும் என்றே எனக்குத் தெரியாது. கரண்டியில் இருந்த கஞ்சி உன் போர்வையில் கொட்டியது.

"அந்த வரிய தெனமும் சொல்லுதேன். வாய்தான் சொல்லுது. கை கட்டிலப் புடிச்சுக்கிட்டேதான் கெடக்கு. பாரு" என்று காட்டினாய். உண்மைதான். உன் இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"அப்ப சொல்லாத. எதுக்குச் சொல்லுத? பொய்யா ஒரு ஜெபமா?" என்றேன்.

"பொய் இல்லட்டி. அவரும் சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல வச்சு முதல்ல கேட்டாருல்லா? இது வேண்டாம், எடுத்துரும்னு வேர்க்க விறுவிறுக்கக் கேட்டாரு. கேட்டுட்டுத்தான் உம்ம சித்தம்னு சொன்னாரு. நானும் கேட்டுட்டேன். கேட்டதுக்கு அப்புறம் சொல்ல அது ஒண்ணுதான் இருக்கு."

அடுத்த வாரம் நீ இல்லை.

ஆக, நீ கேட்டுவிட்டு அந்த வரியைச் சொன்னது இரண்டு தடவை. இரண்டு தடவையும் நீ கேட்டது கிடைக்கவில்லை. நான் படிக்காதவள். எனக்கு அவ்வளவுதான் கணக்கு வந்தது. அந்த வரி ஒரு கதவு. அதைச் சொன்னால் திறந்துவிட்டது மாதிரி, உள்ளே வந்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று நாமே சம்மதம் கொடுத்தது மாதிரி. கர்த்தருக்கு என் சம்மதம் வேண்டியதில்லை என்று தலைக்குத் தெரியும். தொண்டைக்குத் தெரியவில்லை. அதனால் இருமினேன். என் வீட்டுக்காரர் ஏணியில் ஏறினாலும், மகள் பஸ்ஸில் போனாலும், அந்த வாரம் கொஞ்சம் கூடுதலாக இருமினேன்.

மறுபடியும் மைக். ஓர் அம்மா எழுந்து ஓடுகிறாள். மகள் என் தோளைப் பிடித்து உட்கார வைக்கிறாள். நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

போன ஞாயிறு கோயிலில் என் வீட்டுக்காரருக்காக விசேஷ ஜெபம் வைத்தார்கள். போதகர் ஐயர் இவர் பெயரைச் சொல்லி ஜெபித்து, பரமண்டல ஜெபத்தில் முடித்தார். சபை முழுக்க எங்களைப் பார்க்கிறது. நான் இருமினேன் பார், அப்படி ஓர் இருமலை ஆயுசில் இருமியிருக்க மாட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது இவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏளா, அந்த ஒரு வரிக்கு மட்டும் இருமுதியே, எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். "உங்களுக்கு ஒர்க்‌ஷாப் சத்தத்துல காது போச்சுன்னுல்லா நெனச்சேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இந்த மனுஷர் நான் சொன்னதற்குச் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. "நான் உள்ள போகுமுன்ன எனக்காக ஒருக்க அதச் சொல்லிரு" என்றார். "நீ இப்பிடி இறுக்கிப் புடிச்சிருந்தேன்னா எனக்குப் போகப் பயமா இருக்கு. பொழச்சு வாரது என் கையில உள்ளது மாதிரி, வராமப் போனா உனக்கு நான் துரோகம் பண்ணினது மாதிரி இருக்குளா."

சொல்லுகிறேன் என்றேன். செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு பாதி தூரம் நடந்துவிட்டேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் ஒரு சம்மதப் பத்திரம் கொண்டு வந்தார்கள். மகள் வாசித்துச் சொன்னாள். மயக்க மருந்தில் இன்னது ஆகலாம், ரத்தப்போக்கு ஆகலாம், உயிருக்கே ஆபத்து வரலாம், எது நடந்தாலும் எங்களுக்குச் சம்மதம். நான் பேனாவை வாங்கித் தமிழில் என் பெயரைப் பெரிது பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த டாக்டரை நான் பார்த்தே ஒரு வாரம் ஆகவில்லை. மாஸ்க்கைக் கழற்றினால் அடையாளம் தெரியாது. அவரிடம் 'எது நடந்தாலும்' என்று எழுதிக்கொடுத்துவிட்டேன், அதுவும் இருமாமல். பிறந்ததிலிருந்து தெரிந்தவரிடம் அதே வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. டாக்டரை நம்பினேன் என்றா நினைக்கிறாய்? இல்லை. வேறு வழி இல்லை. நீ சொன்ன 'சொல்ல அது ஒண்ணுதான் இருக்கு' என்பது எனக்கு நேற்றுத்தான் கொஞ்சம் புரிந்தது. கொஞ்சம்தான்.

உன்னிடமிருந்து நான் இன்னும் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். உன் விசுவாசம் எனக்கு வராது. நீ மதிலுக்கு அந்தப் பக்கம் பாடிக்கொண்டே பாத்திரம் துலக்கினது எனக்கு வராது. ஆனால் பயத்தோடு சொல்லலாம் என்றாய், கட்டிலைப் பிடித்துக்கொண்டே சொல்லலாம் என்றாய், முதலில் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்றாய். அது எனக்குப் போதும் போல இருக்கிறது. போதுமா என்று சாயங்காலம் தெரியும்.

இன்று காலையில் நடந்ததைச் சொல்லுகிறேன்.

தியேட்டருக்கு முன்னால் ஓர் அறையில் ஸ்ட்ரெச்சர்களை வரிசையாக நிறுத்துகிறார்கள். எல்லாருக்கும் ஒரே பச்சைத் துணி, தலையில் ஒரே பச்சைக் குல்லா. தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம்தான் நாம் நிற்க வேண்டும், தொடக்கூடாது. மருந்து கொடுத்திருந்ததால் இவருக்குப் பாதித் தூக்கம். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சொல்லு என்பதுதான் அது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இடது கையை நீட்டிக்கொண்டேன். நீ சொன்ன மாதிரி முதலில் கேட்டேன். எனக்கு இவர் வேண்டும் என்று கேட்டேன். முழுசாக வேண்டும், இந்த மொக்கை ஜோக்கோடும் குறட்டையோடும் வேண்டும் என்று கேட்டேன். வெங்காயம் உரிக்கிறேன் என்றெல்லாம் சொல்லவில்லை. பிறகு அந்த இடம் வந்தது. தொண்டை அடைத்தது. பொய்யாக இல்லை, நிஜமாகவே அடைத்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வலது கை சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தது. அப்படியே சொன்னேன். ஆண்டவரே, எதிரே படுத்திருக்கிற இந்த மனுஷனை உம்ம கையில விட்டுட்டேன், உம்ம சித்தம் என்று சத்தமாகச் சொன்னேன். இருமவில்லை. ஆமென் என்று சொல்லிக் கண்ணைத் திறந்தேன்.

"ஆமீன்" என்றார், ஸ்ட்ரெச்சரில் வெள்ளைத் தாடியோடு படுத்திருந்த சாயபு.

என் வீட்டுக்காரரை எப்போதோ உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடத்தில் இந்தப் பெரியவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். வார்டு பையன், "சார் டிஸ்டர்ப் செய்யொத்து அன்னாரு, அம்மா" என்றான். அவள் ஜெபம் பண்ணுகிறாள், தொந்தரவு செய்யாதே என்று என் வீட்டுக்காரர்தான் போகும்போது சொன்னாராம். அந்தப் பெரியவர் தலையைத் தூக்கி, "க்யா போலே மாலூம் நை அம்மா, மகர் தில் கூ சுகூன் மிலா" என்றார். என்ன சொன்னீர்களோ தெரியாது, மனசுக்கு ஆறுதலாக இருந்தது என்கிறார். "ஹவ், சாச்சா" என்றேன். வேறு என்ன சொல்ல? கதவு மூடிவிட்டது. மறுபடியும் சொல்ல வேண்டுமா, சொன்னதே போதுமா என்று கேட்க நீயும் இல்லை.

பெரியவருக்குக் குடலிறக்க ஆப்பரேஷனாம். நல்லபடியாக முடிந்துவிட்டது என்று அவர் மருமகள் இப்போதுதான் வந்து சொல்லி, ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்துவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரர் இன்னும் உள்ளே இருக்கிறார்.